துருசடியில கலங்கின தண்ணி வந்தா விடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ

கொஞ்ச வருசத்துக்கு முந்தி, கார்த்திகை மாசம், நல்ல மழை. இரவு பத்து மணிபோல ஒரு வட்டவிதானையார், குளத்துத் தண்ணியப் பங்கிட்டு விடுறவர், கோல் எடுத்தார். "தம்பி, துருசடியில வெளிப்பக்கமா தண்ணி கொப்பளிக்குது, ஒருக்கா வந்து பாருங்கோ." துருசு எண்டா குளத்துத் தண்ணிய வயலுக்கு விடக் குளக்கட்டுக்குள்ளால வச்ச மதகு. மோட்டச்சைக்கிளில போய் இறங்கி டோர்ச் அடிச்சுப் பாத்தா பெருவிரல் மொத்தத்தில தண்ணி. நிண்ட ஆக்கள் எல்லாம் "உது முந்தியும் கசியிறதுதானே" எண்டிச்சினம். நான் ஒரு சோடாப் போத்தலில அந்தத் தண்ணியப் பிடிச்சுக் குளக்கட்டில வச்சிட்டு அரை மணித்தியாலம் பொறுத்துப் பாத்தன், போத்தலின்ர அடியில ஒரு விரல் அளவுக்கு நைஸ் மண் படிஞ்சு கிடந்தது. அதைக் கண்டாப் பிறகு எனக்கு வீட்ட போற எண்ணமே வரேல்ல.

மண்கட்டு எண்டா கொஞ்சம் கசியத்தான் செய்யும், தெளிஞ்ச தண்ணி வந்தா கண்காணிச்சுக்கொண்டு இருக்கலாம். தண்ணி கலங்கி வந்தா கட்டுக்குள்ள இருக்கிற மண்ணை அது கொண்டு வருது எண்டு அர்த்தம், மண் போகப் போக ஓட்டை பெருக்கும், ஓட்டை பெருக்கத் தண்ணி இன்னும் வேகமா வரும், பிறகு கட்டு இருந்தாப்போல உள்ளுக்க இருந்தே இடிஞ்சு இறங்கும். கனபேர் செய்யிற பிழை, தண்ணி வாற வாயில களிமண்ணை அடைச்சு மூடப் பாக்கிறது. அப்பிடி மூடினா அது வேற இடத்தால வெடிச்சு வரும். நாங்கள் அண்டைக்குச் செய்தது, சுத்திவர மண்மூட்டை அடுக்கி, உள்ளுக்க முதல்ல பருமணல், மேல சல்லி, அதுக்கு மேல கல்லுப் போட்டம். தண்ணி வரட்டும், மண் மட்டும் வராம இருக்கோணும், அதுதான் கணக்கு. அதோட குளத்தின்ர நீர்மட்டத்தையும் குறைச்சம். விடிய நாலு மணிபோல தண்ணி தெளிஞ்சு வந்தது.

பிறகு ஒரு கோடையில அந்தத் துருசை மாத்தக் கட்டை வெட்டினம். துருசு பழைய செங்கட்டியால கட்டினது, அதைச் சுத்தி என்ர கை முழங்கை மட்டும் உள்ள போற அளவுக்கு வெறும் கோறை. அதுக்கு முந்தி ரெண்டு தரம் வெளிப்பக்கம் சீமெந்து பூசி "திருத்தியாச்சு" எண்டு எழுதியிருந்தது. வெளியில எவ்வளவு பூசினாலும் உள்ளுக்க இருக்கிற கோறைக்கு அது என்ன செய்யும்?

பழைய துருசை மாத்திறதெண்டா வேற வழி இல்ல, கட்டை அடிமட்டும் வெட்டி, புதுக் குழாய் வச்சு, அதைச் சுத்தித் தண்ணி ஊறாமத் தடுப்புச் சுவர் கட்டி, நல்ல களிமண்ணை ஆறு ஆறு அங்குலமாப் போட்டு ஈரம் பாத்து ரோலர் ஓட்டிக்கொண்டு மேல வரோணும். அதுக்குக் குளத்தில தண்ணி நிக்கக்கூடாது, அப்ப ஒரு சிறுபோகம், கோடையில செய்யிற நெல்லு, போகும். இந்த இடத்திலதான் ஒவ்வொரு கூட்டத்திலயும் சண்டை. "ஒரு போகத்தை விட்டா வங்கிக் கடனை ஆர் கட்டுறது" எண்டு ஒரு அண்ணை என்னட்டக் கேட்டார், நியாயமான கேள்விதான், அதுக்குப் பதில் சொல்லாம அதிகாரிமார் கட்டை வெட்ட வரக்கூடாது எண்டு நானும் சொல்லுறன். வேலைக்கு எஸ்டிமேட் போடேக்குள்ளயே அந்தப் போகத்துக்கான நட்டஈட்டையும் சேத்துப் போடோணும். ஆனா ஒரு போகத்துக்குப் பயந்து பத்து வருசம் தள்ளிப்போடுறதை மட்டும் என்னால ஒத்துக்கொள்ள ஏலாது.

திருகோணமலைப் பக்கம் கந்தளாய்க் குளம் உடைஞ்சது 1986 ஏப்ரல் 20, விடியப்பறம், சனம் நித்திரையில இருக்கேக்குள்ள. நூற்றுக்கு மேல ஆக்கள் போச்சினம். 

எங்கட இரணைமடுவைப் பாருங்கோ. 1902ல வேலை தொடங்கி 1920கள்ல வந்து முடிஞ்ச குளம், கனகராயன் ஆறு நிரப்பிறது. கிளிநொச்சியில எத்தினையோ குடும்பத்தின்ர வயலும், அதைச் சுத்தின ஊர்க் கிணறுகளும் அதை நம்பித்தான் கிடக்கு. போருக்குப் பிறகு கட்டையும் வான்கதவுகளையும் (மிச்சத் தண்ணி வழிஞ்சு போற கதவுகள்) புதுப்பிச்சு, ரெண்டு அடி உயர்த்தி 36 அடி ஆக்கினது, திறந்தது 2018 டிசம்பர் தொடக்கத்தில, அதே மாசக் கடைசியில வெள்ளம். அந்தத் தண்ணியப் பழைய கட்டு எப்பிடித் தாங்கியிருக்கும் எண்டு நான் இண்டைக்கும் யோசிக்கிறனான். இரணைமடுத் தண்ணிய யாழ்ப்பாணத்துக்குக் குடுக்கிறதா இல்லையா எண்டு வருசக்கணக்காச் சண்டை பிடிச்சம், கடைசியா அதுக்குப் பதிலா தாளையடியில கடல்தண்ணியச் சுத்திகரிக்கிற நிலையம் 2024ல வந்தது. தண்ணி ஆருக்கு எண்டு கதைச்ச அளவில பத்தில ஒரு பங்கு, அந்தத் தண்ணியத் தாங்கி நிக்கிற கட்டுக்கு வயசென்ன எண்டு கதைச்சிருந்தா வன்னியில எத்தினையோ சின்னக் குளங்கள் இந்தக் கோலத்தில இருக்காது.

இன்னொண்டு, இதைச் சொல்லாம விட ஏலாது. மார்கழியில மழை குறைஞ்சாக் கொஞ்சத் தண்ணி கூடப் பிடிப்பம் எண்டு குளத்து வானில, மிச்சத் தண்ணி வழியிற இடத்தில, மண்மூட்டை அடுக்கிறது. வான் மட்டத்துக்கும் கட்டின்ர உச்சிக்கும் இடையில விட்ட இடைவெளி சும்மா விட்டதில்ல, பெருவெள்ளமும் அலையும் அதுக்குள்ளதான் அடங்கோணும். நீங்கள் அடுக்கின இரவு 200 மில்லிமீற்றர் கொட்டினா, மூட்டையை எடுக்கக் கூட ஆளாலே இறங்க ஏலாது, தண்ணி கட்டுக்கு மேலால பாய்ஞ்சா மண்கட்டு சில மணித்தியாலத்தில கரைஞ்சு போகும்.

கட்டில நிக்கிற வேம்பும் பாலையும் நிழல்தான், ஆனா மரம் பட்டா வேர் உக்கி உள்ளுக்க குழாய் மாதிரி ஆகும். கறையான் புற்று, முள்ளம்பன்றிப் பொந்து, மாடு ஏறி இறங்கி அறுத்த பாதை, ஆவணியில கட்டின்ர நீளத்துக்கு விழுற வெடிப்பு, இதுகளைக் கண்டா ஒரு போட்டோ எடுத்துத் திகதி போட்டு வச்சிருங்கோ. கமக்கார அமைப்பில ரெண்டு பேர் மாரி காலத்தில கிழமைக்கு ஒருக்கா கட்டின்ர அடிவாரத்தால நடந்து பாத்தாப் போதும், ஒரு வெறும் போத்தலும் கையோட கொண்டு போங்கோ. வாற பங்குனிக் கூட்டத்துக்கு அந்தப் போட்டோக்களையும் போத்தலையும் மேசையில வச்சிட்டு, துருசு எந்த வருசம் கட்டினது எண்டு முதல் கேள்வியாக் கேளுங்கோ.