முட்டி வலி என்றால் எந்த முட்டி?

தாராவியில் கூடை இட்லி விற்கும் ஓர் அம்மா மழைக்காலத்தில் என்னிடம் வந்தார். கையில் முழங்காலின் எக்ஸ்ரே. வேறோர் இடத்தில் "முட்டி வலிக்கிறது" என்றிருக்கிறார். எழுதிக்கொண்டவர் காலைப் படமெடுக்க அனுப்பிவிட்டார். அந்த அம்மா சொன்னது விரல் முட்டியை. இந்திக்காரர் காதில் அதே சொல் மூடிய கையாக விழும். கணு என்பாரும் மொளி என்பாரும் உண்டு. ஆங்கில 'நக்கிள்' இதைவிட மோசம்: ரயில் பெட்டிகளைக் கோக்கும் கொக்கியின் தாடைக்கும் அதே பெயர். ஆகவே சொல்லை விடுங்கள், வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

கையை மூடச் சொன்னேன். முழுதாக மூட முடியவில்லை. முட்டிகளுக்கு இடையே தெரிய வேண்டிய பள்ளங்கள் வீக்கத்தில் நிரம்பியிருந்தன. இரண்டு கையிலும் அப்படியே.

"காலையில் விறைப்பு உண்டா?"

"இல்லை டாக்டர்."

தவறு என்னுடையது. அவர் எழுவது இரவு இரண்டு மணிக்கு. எழுந்ததும் எப்படி என்று மாற்றிக் கேட்டேன்.

"கரண்டி பிடிக்க வராது. முதல் ஈடு மகள்தான் ஊற்றுவாள். மூன்றாம் ஈட்டுக்குள் விரல் மடங்கிவிடும்."

அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல்.

நகத்தை ஒட்டிய கணு மட்டும் கெட்டியாகப் புடைத்தால் பெரும்பாலும் தேய்மானம். விரலின் அடிக்கணுவும் நடுக்கணுவும் இரு கையிலும் மெத்தென்று வீங்கி, எழுந்ததும் நெடுநேரம் விறைத்தால் முடக்குவாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக் காத்திருந்தால் மூட்டு அரித்துவிடும், அரித்தது திரும்பாது. (சண்டையில் எதிரியின் பல் பட்டு முட்டி கிழிந்தால் அது வேறு கதை. கீறல் சிறிதானாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.)

பேரனுக்குத் திருஷ்டி கழித்து நெட்டி முறித்ததுதான் வினையோ என்று அந்த அம்மாவுக்குக் கவலை. அந்தச் சத்தம் மூட்டு நீரில் குமிழி உண்டாவதோடு தொடர்புடையது. எலும்பு உரசுவதால் அல்ல. அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கர் 50 ஆண்டுகள் ஒரு கையில் மட்டும் நெட்டி முறித்துவந்து, எந்தக் கையிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998-இல் எழுதினார். 2009-இல் அதற்கு, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. ஒற்றை ஆளின் இரண்டு கைகள் நிரூபணம் ஆகாதுதான். ஆனாலும் பாட்டிகளைத் தேற்ற எனக்கு அவர் உதவுகிறார்.

ரத்தப் பரிசோதனையும் முடக்குவாதத்தையே காட்டியது. அதைக் கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதினேன். வாரத்தில் ஒரே நாள். தவறி தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை வைத்துக்கொள்கிறீர்கள் என்றேன்.

"திங்கள். அன்றுதான் கடன் வைத்தவர்கள் காசு தருவார்கள், மறக்காது."