விரல் ஒட்டியிருந்தால் மார்பையும் பாருங்கள்

பிறந்ததிலிருந்தே விரல்கள் ஒட்டியிருக்கிறது என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம், "சட்டையைக் கழற்றுங்கம்மா" என்றுதான் முதலில் சொல்வேன். கைக்கு வைத்தியம் பார்க்க வந்தால் மார்பை ஏன் பார்க்கிறார் என்று கூட வந்த பாட்டிக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். ஆனால் ஒரு கையில் மட்டும் விரல்கள் குட்டையாகவும் ஒட்டியும் இருந்து, அதே பக்கம் மார்புத் தசையும் இல்லையென்றால் அது போலந்து சின்ட்ரோம். 1841இல் லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஆல்பிரட் போலந்து இதைப் பற்றி எழுதினார். அவர் பெயரே நிலைத்துவிட்டது. அரிய குறைபாடுதான். வலது பக்கம்தான் அதிகம்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து நன்றாக அழுத்தச் சொல்லுங்கள். அக்குளுக்கு முன்னால் தசை ஒரு மடிப்பாகத் திரண்டு நிற்க வேண்டும். குறைபாடு உள்ள பக்கம் அந்த மடிப்பே இருக்காது, சப்பையாகத் தெரியும். முலைக்காம்பு சிறுத்து, சற்று மேலேறி இருக்கும். அக்குளில் முடியும் குறைவு. சிலருக்கு விலா எலும்பே ஒன்றிரண்டு இருக்காது. மூச்சு இழுக்கும்போது அந்த இடம் உள்ளே போகும். இடது பக்கம் அப்படி இருந்தால் இதயம் வலப்புறம் தள்ளியிருக்கலாம், எக்கோ எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

கை சரியாகவே இருந்து மார்பில் மட்டும் குறை உள்ளவர்களும் உண்டு. பையன்கள் ஜிம்முக்குப் போன பிறகுதான் கவனிப்பார்கள். பெண் குழந்தைகள் பாடுதான் கஷ்டம். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் ஒரு பக்கம் மார்பகம் வளரும், மறுபக்கம் அப்படியே நிற்கும். "போகப் போகச் சரியாயிடும்" என்று அம்மா சொல்ல, அந்தப் பெண் துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு வருடக்கணக்கில் யாரிடமும் பேசாமல் இருப்பாள். இரண்டு பக்கமும் லேசான வித்தியாசம் இருப்பது சகஜம். அக்குள் மடிப்பும் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம், காட்டிவிடுங்கள்.

கருவின் ஆறாவது வாரத்தையொட்டி அந்தப் பக்கத்து ரத்த ஓட்டம் தடைபடுவதால் வருகிறது என்பதுதான் பரவலான கருத்து. பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. கிரகணத்தன்று வெளியே போனாயா, கத்தியைத் தொட்டாயா என்று பெற்றவளைக் குடைவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சுண்டுவிரல் பக்கம் எலும்பே குறைந்து, மார்பகம் வளராமல், அக்குளில் வியர்வையும் குறைவாக இருந்தால், பையனுக்குப் பருவமும் தள்ளிப்போனால், அது அல்னார் மேமரி சின்ட்ரோமாக இருக்கலாம். அது டிபிஎக்ஸ்3 மரபணுவில் வரும் கோளாறு, பிள்ளைக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மரபியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

விரல்களைப் பொதுவாக ஒன்று, இரண்டு வயதுக்குள் பிரித்துவிடலாம். பள்ளிக்கூடம் போகட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மார்பகத்துக்கு, வளர்ச்சி முழுமையான பிறகு முதுகுத் தசையையோ கொழுப்பையோ எடுத்துச் சீரமைக்கலாம். முதுகுத் தசையும் சிலருக்கு அதே பக்கம் இருக்காது, அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வோம்.

அப்புறம், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும்போது இந்தக் குறைபாட்டைச் சொல்லிவிடுங்கள். தசை இல்லாத பக்கம் படத்தில் கூடுதல் கறுப்பாக விழும். தெரியாதவர்கள் நுரையீரலில் கோளாறு என்று நினைத்துவிடக்கூடும்.