ரெட்ரோ கேம்: அந்தக்கால ஆட்டமா, பழம்பாணி ஆட்டமா?

2013இல் வெளியான வீடியோ கேமான ஜி.டி.ஏ. 5ஐ யாரும் ரெட்ரோ கேம் என்று சொல்வதில்லை. அதற்கு அடுத்த ஆண்டு, பழைய ஆட்டங்களின் சாயலில் வெளியான ஷவல் நைட்டை ரெட்ரோ என்றே சொல்கிறார்கள். ரெட்ரோ என்றால் 'பழைய' என்று மட்டும்தான் பொருள் என்றால் இந்தக் கணக்கு இடிக்கிறது. பின்னால் வந்தது ரெட்ரோ, முன்னால் வந்தது ரெட்ரோ இல்லை. 'ரெட்ரோ கேம்' என்பதற்குத் தமிழில் 'பழைய கேம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

லத்தீனில் 'ரெட்ரோ' என்பது திசையைக் காட்டும் சொல். பின்னால், பின்பக்கமாக என்று பொருள். வயதைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. விண்கலம் தன் வேகத்தைக் குறைக்கப் பயணத்துக்கு எதிர்த்திசையில் இயக்கும் எஞ்சினை 'ரெட்ரோ ராக்கெட்' என்பதும் இந்தப் பொருளில்தான். மொழியியலாளர்கள் ட, ண, ள, ழ ஆகிய ஒலிகளை 'ரெட்ரோஃப்ளெக்ஸ்' என்கிறார்கள். நாக்கின் நுனி பின்பக்கமாக வளைவதால் வந்த பெயர், தமிழில் வளைநா ஒலி. ஆக, 'ரெட்ரோ' என்று தமிழில் எழுதும்போது நடுவில் வரும் 'ட்' தானே ஒரு ரெட்ரோ எழுத்து!

இந்தத் திசைச் சொல் காலத்தின் பக்கம் திரும்பியது பிரான்சில். 1970களின் தொடக்கத்தில் அங்கே 1940களின் உடை, சிகை அலங்காரம், திரைப்படச் சூழல் எல்லாம் மறுபடியும் மோகமாகக் கிளம்பின. ரெட்ரோ என்று தொடங்கும் நீளமான பிரெஞ்சுச் சொல்லை வெட்டி, அந்த மோகத்துக்கு 'ரெட்ரோ' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பத்தாண்டுக்குள்ளாகவே ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. பிறப்பிலேயே அது ஒரு பொருளின் பழமையைச் சொல்லவில்லை, இன்றைய மனிதர் பின்னால் திரும்பிப் பார்ப்பதைச் சொன்னது என்பது இங்கே முக்கியம். 'விண்டேஜ்' வேறு. அது திராட்சை அறுவடையிலிருந்து வந்த சொல். இந்த ஆண்டின் அறுவடை, அந்த ஆண்டின் அறுவடை என்று பிறந்த வருடத்தைக் குறிப்பது. 1977இல் செய்த அடாரி 2600 கேம் கருவி விண்டேஜ். நேற்று செய்து அதன் சாயலில் விற்கப்படும் கருவி ரெட்ரோ. கேம் உலகில் மட்டும் இந்த வேறுபாட்டை யாரும் கண்டுகொள்வதில்லை, இரண்டையும் ரெட்ரோ என்றே அழைக்கிறார்கள்.

சரி, எவ்வளவு பழையதானால் ஒரு கேம் ரெட்ரோ? இதில் ஆளுக்கொரு கோடு. 1972இன் பாங், 1978இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980இன் பேக்-மேன் ஆகியவற்றில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நின்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட வீட்டுக் கேம் கருவியான ஃபாமிகாமும் 1989இன் கையடக்கக் கருவியான கேம் பாயும் அப்படித்தான். சண்டை வருவது 1994இன் பிளேஸ்டேஷனில் ஆரம்பிக்கும். 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2ஐ ரெட்ரோ என்றால், அதைச் சிறு வயதில் ஆடியவர்களுக்குக் கோபமே வரும். கோடு நகர்ந்துகொண்டே இருப்பதை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை. 'நேற்று' என்ற சொல்லும் தினமும் நகர்கிறது. பேசுபவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அதற்குப் பொருள்.

இப்போது தமிழுக்கு வரலாம். முதலில் நினைவுக்கு வருவது 'தொல்'. தொல்லியல், தொல்பொருள், தொல்குடி என்று பழகிய முன்னொட்டு. ஆனால் 'தொல்விளையாட்டு' என்றால் பானை ஓட்டோடு சேர்த்து மண்ணுக்குள்ளிருந்து எடுத்த தாயக்கட்டைதான் கண்முன் வருகிறது. நாற்பது வயதுப் பொருளுக்குத் தொல் என்பது அதிகப்படி.

அடுத்தது 'பழ'. பழந்தமிழ், பழங்கதை, பழம்பாடல் எல்லாம் அழகாக அமைகின்றன. 'பழவிளையாட்டு' என்று சேர்த்தால்தான் சிக்கல். பேக்-மேன் ஆடியவர்களுக்கு அது செர்ரியும் ஸ்ட்ராபெரியும் தின்று மதிப்பெண் ஏற்றுவதாகத் தோன்றும்.

லத்தீனை அப்படியே பின்பற்றி 'பின்' என்று தொடங்கலாமா? இங்கேதான் வேடிக்கை. தமிழில் காலத்துக்கு முன்னும் பின்னும் எதிர்ப்பக்கமாக நிற்கின்றன. நடந்து முடிந்தது 'முன்பு', வரப்போவது 'பின்பு'. முற்காலம் என்றால் பழைய காலம், பிற்காலம் என்றால் அதற்கு அப்புறம் வந்த காலம். ரெட்ரோவைப் 'பிற்கால' என்று பெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். 'பின்னோக்கு விளையாட்டு' என்றால் இலக்கணம் நிற்கும், ஆனால் கேட்பவர் பின்பக்கமாக ஓடும் பந்தயம் என்று நினைப்பார்.

இவ்வளவு சுற்றத் தேவையில்லை. மக்கள் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: 'அந்தக்கால'. 'அது அந்தக்கால கேம்' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். இதன் முதலெழுத்தான 'அ' ஒரு சுட்டெழுத்து. பேசுபவரிடமிருந்து தள்ளி இருப்பதைக் கைகாட்டுவது. எத்தனை ஆண்டு என்று அது சொல்வதில்லை. நான் நிற்கும் இடத்திலிருந்து அதோ அங்கே, அவ்வளவுதான். லத்தீன் 'ரெட்ரோ' செய்யும் அதே வேலையைச் செய்கிறது, நகரும் கோட்டோடு சேர்ந்து நகரவும் செய்கிறது. பேச்சுவழக்குச் சொல் என்று கலைச்சொல் பட்டியல்காரர்கள் இதை ஒதுக்கலாம். எனக்கு இதைவிடப் பொருத்தமானது தெரியவில்லை.

ஆனால் ஷவல் நைட்டை 'அந்தக்கால' என்று சொல்ல முடியாது. அதற்கு இன்னொரு சொல் வேண்டும். 'பழம்பாணி' என்பது என் பரிந்துரை. பழமை பொருளில் இல்லை, பாணியில் இருக்கிறது என்பதை அது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. இந்தப் பாணி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் இயலாமையிலிருந்து. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். பரபரப்புக்காகத் திட்டமிட்டது போலத் தெரியும். உண்மையில், வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் ஆட்டம் தன்னால் வேகமாக ஓடியது. ஃபாமிகாமால் திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டு நகரும் உருவத் துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது. ஒன்பதாவது வந்தால் ஏதோ ஒன்று மறையும். அதனால் உருவங்களை மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளித்தார்கள், அவை மினுக்கின. 1991இன் சோனிக்கில் வரும் அருவி வெறும் நெடுங்கோடுகளால் ஆனது. படத்தை முழுவதும் ஒரே கம்பியில் அனுப்பிய அக்காலத்து மங்கலான காம்போசிட் இணைப்பில், பின்பக்கம் புடைத்த குழாய்த் திரை டிவியில் அந்தக் கோடுகள் கலந்து கண்ணாடித் தண்ணீராகத் தெரியும். இன்றைய கூர்மையான திரையில் கோடு கோடாகவே நிற்கும். பழைய டிவியைத் தேடி வாங்கி வைத்துக்கொள்பவர்களைப் பைத்தியம் என்று சொல்வதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும். 1984இன் டக் ஹன்ட்டில் வாத்தைச் சுடும் துப்பாக்கி அந்த டிவி இல்லாமல் வேலையே செய்யாது. குழாய்த் திரை ஒளிரும் நேரத்தை நம்பித்தான் அது குறிபார்க்கிறது.

பழம்பாணி ஆட்டங்களைச் செய்பவர்கள் இந்தத் தடைகளில் தங்களுக்குப் பிடித்தவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். ஷவல் நைட் பார்க்க ஃபாமிகாம் ஆட்டம் போலவே இருக்கும். ஆனால் திரை அகலமானது, மினுக்கல் கிடையாது, நிறங்களிலும் அந்தக் கருவிக்கு இல்லாத சில உண்டு. பழைய ஆட்டம் எப்படி இருந்ததோ அப்படி அல்ல, எப்படி இருந்ததாக நினைவிருக்கிறதோ அப்படி.

'கேம்' பாதிக்கு விளையாட்டு, ஆட்டம் இரண்டும் சரி. விளையாட்டு தொல்காப்பியத்திலேயே இருக்கும் சொல், உவகை பிறக்கும் நான்கு இடங்களில் ஒன்றாக அங்கே வருகிறது. 'ஒரு ஆட்டம் போடலாம்' என்னும்போது ஆட்டம் இன்னும் இலகுவாக உட்காருகிறது. 'வீடியோ'வுக்குக் காணொளியா, காணொலியா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. இந்தத் துறையில் மட்டும் தீர்ப்பு எளிது. வீட்டில் வைத்து ஆட வந்த முதல் கருவியான 1972இன் மேக்னவாக்ஸ் ஒடிசியில் ஒலியே கிடையாது. ஆகவே காணொளி ஆட்டம்.

கூடவே புழங்கும் சில சொற்கள். கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜைப் பலர் 'கேசட்' என்பார்கள். அது தவறு என்று திருத்துபவர்களும் உண்டு, திருத்த வேண்டியதில்லை. கேசட் என்றால் பிரெஞ்சில் சிறு பெட்டி, ஃபாமிகாம் பிறந்த ஜப்பானிலும் அதைக் 'கசெட்டோ' என்றே சொல்கிறார்கள்.

'8-பிட் கேம்' என்பதை ரெட்ரோவுக்கு மாற்றுப் பெயர் போல எழுதுவது மட்டும் உண்மையிலேயே தவறு. அது கருவியின் மூளையான செயலி (பிராசசர்) ஒரே மூச்சில் கையாளும் எண்ணின் அளவு. எட்டு பிட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். பேக்-மேனின் 256ஆவது கட்டத்தில் பாதித் திரை குப்பையாகிப்போவது இந்த எல்லையைத் தாண்டியதன் விளைவு. பாங் கருவியிலோ செயலியே கிடையாது, வெறும் மின்சுற்றுகள். அதை 8-பிட் என்றால் எந்தக் கணக்கிலும் சேராது.

பழைய கருவி போல நடித்து, இன்றைய கணினியில் அந்த ஆட்டத்தை ஓட வைக்கும் மென்பொருள் எமுலேட்டர். கடையில் காசு போட்டு ஆடும் ஆர்கேடு ஆட்டங்களுக்கான 'மேம்' என்ற எமுலேட்டர் 1997இல் வந்தது. எமுலேட்டரைப் 'போன்மி' எனலாம். மகரக்குறுக்கத்துக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியில் படித்த 'போன்ம்' என்ற சொல்லுக்கு, அதாவது 'போலும்' என்பதற்கு, இப்படி ஒரு வேலை கிடைத்தால் நல்லதுதானே.

எழுதும்போது இப்படிப் பயன்படுத்தலாம்: 'அவருக்கு அந்தக்கால ஆட்டங்களில் ஈடுபாடு, ஃபாமிகாம் கேசட்டுகள் சேர்க்கிறார்.' 'இது புதிதாக வந்த பழம்பாணி ஆட்டம்.' இரண்டையும் ஒன்றாகச் சொல்ல வேண்டிய இடத்தில், உதாரணத்துக்கு 'ரெட்ரோ கேமிங் பிடிக்கும்' என்பது போல, ரெட்ரோவையே வைத்துக்கொள்ளலாம். அந்தக் குழப்பத்துக்கும் சேர்த்துத்தான் அந்தச் சொல்.