தைம் இலையின் மணம் எங்கே ஒளிந்திருக்கிறது?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே தைம் (thyme) என்ற சமையல் மூலிகையின் இலை ஒன்றின் அடிப்புறத்தைப் பாருங்கள். அரை சென்டிமீட்டர் இலை, ஓரங்கள் உள்நோக்கிச் சுருண்டிருக்கும். நுண்மயிர்களுக்கு நடுவே பளபளவென்று சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அவைதான் எண்ணெய்ப் பைகள். நசுக்கினால் பையின் மெல்லிய தோல் கிழிந்து மணம் குப்பென்று கிளம்பும். ஓமத்தின் நினைவு வந்தால் அது சரிதான்: இரண்டுக்கும் அந்தக் காரத்தைத் தருவது தைமால் என்ற ஒரே பொருள். தைம் வளர்ப்பது, காயவைப்பது, சமைப்பது எல்லாமே இந்தப் பைகளைக் காப்பாற்றும் வேலைதான்.

மத்தியதரைக் கடலோரக் கற்பாறைச் சரிவுகளில் வளர்ந்த செடி இது. தோட்டமண், மட்கிய உரம், பெருமணல் மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள 20 செ.மீ. மண்தொட்டியில் நிரப்புங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் பட வேண்டும். தைம் பெரும்பாலும் சாவது தண்ணீர் மிகுதியால்தான். வேர் அழுகிவிட்டால் நீரை உறிஞ்ச முடியாது, செடி வாடும். வாட்டத்தைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுவோம், அதோடு கதை முடிந்தது. விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் 3 செ.மீ. ஆழத்துக்குக் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் தளதளவென்று வளரும், ஆனால் மணம் குன்றிவிடும்.

விதை முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முளைத்த செடிகளும் ஒன்றுபோல் மணப்பதில்லை. நல்ல மணமுள்ள செடி கிடைத்தால் அதிலிருந்தே பூக்காத இளந்தண்டை 8 செ.மீ. நறுக்கி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு ஈரமணலில் நடுவதே மேல். தாயின் மணம் அப்படியே வரும்.

பூ விரியத் தொடங்கும் முன், பனி உலர்ந்த காலை நேரத்தில் அறுவடை செய்யுங்கள். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். பச்சை இலையே இல்லாத கட்டைத்தண்டு வரை கவாத்து செய்தால் அந்தக் கிளை அநேகமாகத் துளிர்க்காது. மூன்று நான்கு ஆண்டுகளில் செடி கட்டை பாய்ந்துவிடும், அப்போது புதுச்செடிக்கு மாறுங்கள்.

காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எண்ணெய் ஆவியாகிப் போகும். உலர்ந்த இலையை முழுசாகவே மூடிவைத்து, பயன்படுத்தும்போது மட்டும் கசக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி பச்சை இலைக்கு ஒரு தேக்கரண்டி உலர் இலை ஈடு.

தைமால் தண்ணீரில் அரிதாகவே கரையும், கொழுப்பில் நன்றாகக் கரையும். அதனால் சமையல் எண்ணெய் மிதமாகச் சூடானதும் முதலிலேயே தைமைப் போட்டுவிடலாம். கொதிக்கும் குழம்பாக இருந்தால் மூடிவையுங்கள், இல்லாவிட்டால் நீராவி இலையின் மண எண்ணெயைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

சளி இருமலுக்கான கஷாயத்திலும் மூடிதான் முக்கியம். பெரியவர்களுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் உலர் இலையில் 150 மி.லி. கொதிநீரை ஊற்றி, மூடி, பத்து நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். மூடியில் கோத்த துளிகளையும் கோப்பையில் தட்டிவிடுங்கள், மணம் அதில்தான் இருக்கிறது. நாளுக்கு மூன்று நான்கு முறை குடிக்கலாம். மூச்சுத்திணறல், காய்ச்சல், சீழ்ச்சளி இருந்தாலோ, ஒரு வாரத்தில் குறையாவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும். புதினா, துளசிக் குடும்பச் செடிகள் ஒவ்வாதவர்கள் தைமைத் தவிர்ப்பது நல்லது. கர்ப்பிணிகள் மருந்தளவில் குடிக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பாட்டிலில் வரும் தைம் எண்ணெய் பல மடங்கு செறிவானது: அதைக் குடிக்கக் கூடாது, நீர்க்காமல் தோலில் தடவவும் கூடாது, எரித்துப் புண்ணாக்கிவிடும்.