சுகர் இறங்கியும் நிக்காத இன்சுலின்

ரத்தத்துல சுகர் ஏறினா கணையத்துல இருக்கிற பீட்டா செல் இன்சுலின் விடும், இறங்கினா நிறுத்திரும். அந்த செல்லுலயே வர்ற சின்ன கட்டிதான் இன்சுலினோமா, இதுக்கு நிறுத்தவே தெரியாது, சுகர் 50க்கு கீழ போனாலும் சுரந்துகிட்டே இருக்கும். மூளைக்கு குளுக்கோஸ் பத்தலன்னா காலைல வெறும் வயித்துல உளறுவாங்க, கண்ணு ரெண்டு ரெண்டா தெரியும், சிலருக்கு ஃபிட்ஸே வரும், சர்க்கரைத் தண்ணி குடுத்தா கொஞ்ச நேரத்துல எதுவுமே நடக்காத மாதிரி எந்திரிச்சு உக்காந்துருவாங்க. இதை வலிப்புன்னும் மனநலப் பிரச்சனைன்னும் நெனச்சு வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிட்டவங்க இருக்காங்க, இதுதான் எனக்கு ரொம்ப வேதனை, அந்த நேரத்துல விரல்ல குத்தி ஒரு சுகர் டெஸ்ட் எடுத்திருந்தா அப்பவே சந்தேகம் வந்திருக்கும்.

வருஷத்துக்கு 10 லட்சம் பேர்ல 1லருந்து 4 பேருக்குத்தான் வருது. கண்டுபிடிக்க ஆஸ்பத்திரில வச்சு 72 மணி நேரம் வரைக்கும் பட்டினி போடுவாங்க, சுகர் 55க்கு கீழ இறங்கி அறிகுறி வர்ற நேரத்துல ரத்தம் எடுத்து இன்சுலினும் சி-பெப்டைடுங்கிற புரதத் துண்டும் எவ்வளவு இருக்குன்னு பாப்பாங்க. உடம்பு தானா இன்சுலின் செய்யும்போது சி-பெப்டைடும் சேந்தே வரும், ஊசி இன்சுலின்ல அது கிடையாது, அதனால ரெண்டுமே அடங்காம இருந்தா உள்ளருந்துதான் வருதுன்னு அர்த்தம். சில சுகர் மாத்திரை போட்டாலும் இப்படித்தான் காட்டும், அதுக்கு தனி டெஸ்ட் இருக்கு. இதெல்லாம் முடிக்காம ஸ்கேனுக்கு ஓடவே கூடாது, ஏன்னா கட்டி பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்கும் சின்னது, சிடி ஸ்கேன்ல சில நேரம் தப்பிச்சிரும், எண்டோஸ்கோப்பி வழியா வயித்துக்குள்ள விடுற அல்ட்ராசவுண்ட்ல நல்லா தெரியும்.

1927ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல இந்தக் கட்டிக்கு ஆபரேஷன் பண்ணின முதல் நோயாளி, அவரே ஒரு சர்ஜன், ஆனா கட்டி கல்லீரலுக்கு பரவியிருந்ததால எடுக்க முடியல. 1929ல கனடாவுல டொராண்டோல ராஸ்கோ கிரஹாம்ங்கிற சர்ஜன் வேற ஒருத்தரோட கட்டியை முழுசா எடுத்து குணமாக்கினார். இன்னைக்கும் சர்ஜன் கணையத்தை விரலால தடவிப் பாத்து, அது மேலயே அல்ட்ராசவுண்ட் வச்சு, கட்டிக்கும் கணையக் குழாய்க்கும் எவ்வளவு இடைவெளின்னு பாக்குறார். தள்ளி இருந்தா நுங்கு தோண்டுற மாதிரி கட்டிய மட்டும் எடுத்துரலாம், குழாயை ஒட்டி கணையத்தோட வால் பக்கம் இருந்தா அந்த பகுதியோட வெட்டணும், தலைப்பக்கம்னா, கணையத் தலையோட சிறுகுடல் ஆரம்பத்தையும் சேத்து எடுக்குற விப்பிள்ங்கிற பெரிய ஆபரேஷன் வரை போகும். குழாய்ல காயம் பட்டா கணைய நீர் கசிஞ்சு அக்கம்பக்கத்தையும் கெடுக்கும், அதுதான் பெரிய பயம்.

90 சதவீதம் கட்டி கேன்சர் இல்ல, எடுத்தா குணம்தான். எடுத்த கொஞ்ச நேரத்துலயே சுகர் ஏற ஆரம்பிக்கும், இத்தனை நாள் அடங்கிக் கிடந்த மத்த பீட்டா செல் திரும்ப வேலைக்கு வர்ற வரைக்கும் சில நாள் சுகர் கூடுதலாவே இருக்கும், அதுக்கு பயப்பட வேண்டாம்.