மண் வள அட்டை: அதில் இருப்பது உங்கள் மண்தானா?

தேரிக்காட்டுப் பக்கம் ஒரு பெரியவர் அரசு மண்ணைப் பரிசோதித்துத் தந்த தன் மண் வள அட்டையை நீட்டினார். அங்ககக் கரிமம், அதாவது இலைதழை, சாணம் மக்கி மண்ணில் சேரும் கரிமம், 0.68 சதவீதம், ‘நடுத்தரம்’. அவர் விளையில் கால் வைத்தால் கணுக்கால்வரை செம்மணல். வருஷாவருஷம் உழுது கடலை போடுகிற மண்ணில் அவ்வளவு எங்கிருந்து வரும்? அட்டையில் இருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் போன் மேப்பில் போட்டோம். புள்ளி பக்கத்துத் தென்னந்தோப்பில் விழுந்தது. அங்கே ஆட்டுக்கிடை போடுவார்கள்.

இந்த அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கியது. அட்டையில் 12 அளவுகள் இருக்கும். கரிமம் 0.5க்குக் கீழே என்றால் குறைவு, 0.75க்கு மேலே என்றால் அதிகம். அவ்வளவுதான் பின்னணி.

கண்ணி எங்கே என்றால், பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்றுதான் திட்டம் வகுத்தார்கள். பத்து ஹெக்டேர் கிட்டத்தட்ட 25 ஏக்கர். அதற்குள் கடலைக்காடு, பனை, முருங்கை, கரம்பு எல்லாம் கிடக்கும். மணலில் மக்கிய பொருளைப் பிடித்துவைக்கக் களி இல்லை. உழுது புரட்டினால் வெயிலில் சீக்கிரம் சிதைந்துபோகும். உழாமல் விட்ட மரத்தடியில் இலை விழுந்து கொஞ்சம் தங்கும். இத்தனைக்கும் சேர்த்து ஒரே எண் என்றால் எப்படி?

அதனால் அட்டை வந்ததும் முதலில் அந்தப் புள்ளியைப் பாருங்கள். தப்பு என்றால் மாதிரியை நீங்களே எடுத்துப் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். ஒரே சர்வே நம்பராக இருந்தாலும் உழுத இடத்துக்கு ஒன்று, தோப்புக்கு ஒன்று எனத் தனித்தனியாக எடுக்க வேண்டும். மேல்குப்பையை ஒதுக்கி, மண்வெட்டியால் ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் வெட்டி, குழியின் பக்கவாட்டில் சுரண்டுங்கள். பத்துப் பதினைந்து இடத்து மண்ணைக் கலந்து, நாலு பங்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கு இரண்டைக் கழியுங்கள்; இப்படியே கழித்துக் கழித்து அரைக்கிலோ வையுங்கள். வரப்போரம், எருக்குழி, கிடை போட்ட இடம், உழுத நிலத்தில் நிற்கும் ஒற்றை மரத்தின் நிழல் வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள். உரச்சாக்கில் மட்டும் கட்டாதீர்கள், ஒட்டியிருக்கும் உரம் கணக்கைக் கெடுத்துவிடும்.

அப்புறம் அலைச்சல். “பட்டா தாத்தா பேரில் இருக்கே”, “மிஷின் ரிப்பேர்”, “அடுத்த வாரம் வாங்க”. நானும் ஒரு முறை மூன்று நடை நடந்தேன். கடைசியில் பை எங்கே என்றே யாருக்கும் தெரியவில்லை. பையின் மேலும் உள்ளேயும் பெயர், சர்வே நம்பர், போன் நம்பர் எழுதிய சீட்டு வையுங்கள். கொடுக்கும்போது பையைப் போட்டோ எடுங்கள். மாதிரி எண்ணை எழுதி வாங்காமல் படியிறங்காதீர்கள். பணம் வாங்கினால் ரசீது கேளுங்கள். குத்தகைக்காரர் நில உரிமையாளரின் பட்டா நகலை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அதற்காக ஒரு நாள் கூலி போவது தனி எரிச்சல்.

அட்டை கைக்கு வந்ததும் உரக்கடைக்கு ஓடாதீர்கள். கடைக்காரர் யூரியா, டிஏபி வரியைத்தான் வாசிப்பார். தொழு உரத்துக்கான பரிந்துரையும் அதே அட்டையில் இருக்கிறது. கரிமம் குறைந்த மணலுக்கு முதலில் பார்க்க வேண்டிய வரி அது.