வெள்ளிக் கோட்டுக்குப் பயந்து எலுமிச்சை மரத்தை வெட்டாதீர்கள்

கடந்த வாரம் சுங்கை சிப்புட்டில் உள்ள என் நாற்றுப்பண்ணைக்கு, தோட்டத்து லயத்திலிருந்து ஓர் அம்மா பிளாஸ்டிக் பையில் வெள்ளிக் கோடு விழுந்து சுருண்ட எலுமிச்சைக் கொழுந்துகளுடன் வந்தார். "ஏதோ வைரஸாம் தம்பி, மத்த மரத்துக்கும் பரவுமாம். நேத்தே வெட்டிட்டோம்" என்றார். நன்றாகக் காய்த்த மரம். இதே பயத்தில் வெட்டப்பட்டதாக இந்த ஆண்டில் நான் கேள்விப்படும் நான்காவது மரம் அது.

அது வைரஸ் இல்லை, பூஞ்சணமும் இல்லை, நத்தை ஊர்ந்த தடமும் இல்லை. இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வளைந்து செல்லும் வெள்ளிக் கோட்டின் நடுவே கறுப்பு நூல்போல ஓடுவது புழுவின் எச்சம். கோடு அகன்று முடியும் இடத்தில் இளமஞ்சள் நிறத்தில் புழுவே படுத்திருக்கும். இறக்கையை விரித்தாலும் ஏறக்குறைய 4 மில்லிமீட்டரே உள்ள ஓர் அந்துப்பூச்சியின் குஞ்சு அது. தாய்ப்பூச்சி இளந்தளிரில்தான் முட்டையிடும் என்பதால், முற்றிய இலையில் பழைய கோட்டைப் பார்க்கலாமே தவிர, புதுக் கோடு விழாது. கண்ணுக்கு முன்னால் புழு நெளியும்போது வைரஸ் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இலைத்தோலுக்கு அடியில் இருக்கும் புழுவை மேலே அடிக்கும் மருந்து பெரும்பாலும் எட்டாது. சாவது அந்தப் புழுவைத் தேடி வந்து அழிக்கும் குட்டிக் குளவிகள்தாம். 1993-இல் இந்தப் பூச்சி புளோரிடாவில் நுழைந்தபோது, அடுத்த ஆண்டே ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட ஒரு குளவியை அதை அழிக்க அங்கே வரவழைத்து விட்டார்கள். செம்பனைக்கு அடித்து மிஞ்சிய மருந்தை மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வருகிறவர்கள் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். பிள்ளைகள் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிடுவார்கள்.

காய்க்கும் மரத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். கோடு விழுந்த இலையைக் கிள்ளவும் வேண்டாம். அதன் மிச்சப் பச்சை மரத்துக்கு உணவு தந்துகொண்டுதான் இருக்கிறது. யூரியாவை அள்ளிப் போடுவதும் ஓயாமல் கிளை கழிப்பதும் புதுக் கொழுந்தை வரவழைத்துப் பூச்சிக்கு விருந்து வைப்பதாகும். சிறு கன்றாக இருந்தால், கோட்டின் நுனியை விரலால் நசுக்கிவிடுங்கள். மஞ்சள் வளையத்தோடு தடித்த பழுப்புச் சொறி தெரிந்தால் மட்டும் இலையைக் கொண்டு வந்து காட்டுங்கள். புழு தந்த காயத்தின் வழியே நுழையும் சொறிநோய் வேறு விவகாரம்.

அந்த அம்மாவின் மரத்தில் அடிக்கட்டை இன்னும் மிஞ்சியிருக்கிறது. பதியன் போட்ட மரம் என்பதால் துளிர்த்தாலும் அதே எலுமிச்சைதான். அந்தத் துளிரிலும் கோடு விழும். அப்போது பாராங் கத்தியை எடுக்கும் முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.